இருநூற்று ஐம்பத்தைந்தும் சைபர்களும்

எங்கள் குடிநீர் வாரியத்தில் தண்ணீர் ஓடாவிட்டாலும் கோப்பு ஓடும். கோப்பும் ஓடாத நாளில் அதைத் தேடிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். நான் இந்த ஓட்டம் எதிலும் சேர்த்தி இல்லை. ஊர் முழுக்கத் தெருக்குழாய் வால்வுகளைத் திறந்து மூடும் கணினி வலையைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். தண்ணீர் வரவில்லை என்றால் முதல் திட்டு எனக்குத்தான். ஆபீஸில் அல்ல, வீட்டில்.

வீடு இருப்பது குழாய்ப் பாதையின் கடைக்கோடித் தெருவில். விடிகாலையில் ஒரே ஒரு தடவை தண்ணீர் வரும். பிடித்தால் உண்டு, விட்டால் மறுநாள்தான். உள்ளே பத்து மாதத்து இரட்டைப் பிள்ளைகள், பெரியவனும் சின்னவளும். ஒரு நாளைக்கு அவர்கள் நனைக்கும் துணியைப் பார்த்தால், தண்ணீர்ப் பஞ்சம் உள்ள வீட்டில் இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமாக இருக்கும்.

"ஊருக்கே தண்ணி விடறவர்னு சொல்லித்தானே உங்களுக்கு என்னைக் கட்டிக் கொடுத்தாங்க? நம்ம குழாயைத் தொறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வருது" என்பாள் என் மனைவி. இதை அவள் கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இனி நடந்த கூத்து புரிய வேண்டுமானால் என் தொழிலைப் பற்றி நாலு வரி கேட்டுத்தான் ஆக வேண்டும். சேர்மனுக்குப் புரிய வைக்க மூன்று கூட்டம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகாது.

வாரியத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் உண்டு. விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல. வரிசையாகக் கேபிள் செருகிய தட்டைப் பெட்டி. 'இந்தத் தெரு வால்வைத் திற' என்று கட்டுப்பாட்டு அறை கட்டளை அனுப்பினால், அது எந்தப் பெட்டி வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பெட்டிகளே தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும். அந்தப் பேச்சுக்கான ஒழுங்குமுறைதான் ரூட்டிங் புரோட்டோகால். எல்லாப் பெட்டியும் எல்லாப் பெட்டியோடும் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடுமே என்று, தங்களில் ஒன்றைத் தலைமையாக வைத்துக்கொள்ளும். மற்றவை அதனிடம் சொல்லும். அது எல்லோருக்கும் சொல்லும். அந்தத் தலைமைக்குச் சம்பளம் கிடையாது, கார் கிடையாது.

தலைமை யார் என்பதற்கு ஒவ்வொரு பெட்டியின் இன்டர்ஃபேஸிலும், அதாவது கேபிள் செருகும் வாயிலும், ஒரு முன்னுரிமை எண் போட்டு வைப்போம். சைபரிலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை போடலாம். பெரிய எண்ணுக்குத் தலைமை. சைபர் என்றால் அந்தப் பெட்டி தலைமைக்கு நிற்கவே நிற்காது. இன்னொரு விதியும் உண்டு. ஒரு பெட்டி முதலில் எழுந்து தலைமையில் உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் எவ்வளவு பெரிய எண்ணோடு எவன் வந்தாலும் அது எழுந்திருக்காது. அது அணைந்தால்தான் அடுத்தவருக்கு இடம்.

நான் எல்லாப் பெட்டிக்கும் ஒன்று என்றே எண் போட்டிருந்தேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் முதலில் கண் விழிப்பது வண்டி ஷெட்டுச் சுவரில், கேமராவுக்காக மாட்டியிருந்த பழைய சின்னப் பெட்டி. அது தலைமையில் உட்காரும். ஊருக்குத் தண்ணீர் போகும். இப்படியே நிம்மதியாக இருந்தோம்.

கெட்ட காலம், வரவேற்பறையில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். வலையின் நிலவரம் அதில் கலர் கலராகத் தெரியும். ஒரு நாள் சேர்மன் விருந்தினர் ஒருவரை அழைத்து வந்து அதைக் காட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று நின்றுவிட்டார். திரையில் 'தலைமை: வண்டி ஷெட்' என்று பச்சையில் மின்னியது.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாருய்யா இந்த வண்டி ஷெட்?"

"ஆள் இல்ல சார், பெட்டி."

"என் ரூம்லயும் பெட்டி இருக்குல்ல?"

"இருக்கு சார். உங்களுதுதான் இருக்கறதுலயே பெருசு."

"அப்போ என் பெட்டி அந்த ஷெட்டு சொல்றதைக் கேக்குதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஆமா சார், நல்லாவே கேக்குது" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்று சாயங்காலமே 'முன்னுரிமை நிர்ணய உயர்நிலைக் குழு' அமைந்தது. தலைவர் சேர்மன். உறுப்பினர்கள் செயலாளரும் கணக்கு அதிகாரியும். செயலாளர் முப்பது வருடமாக எதிலும் கையெழுத்துப் போடாமலே உயர்ந்தவர். கணக்கு அதிகாரி எதையும் ஒரு தடவை மறுத்துவிட்டு அப்புறம் படித்துப் பார்ப்பவர். குழுவுக்கு முதல் விதியாக, சேர்மன் நாற்காலி காலியாக இருக்கும்போது குழு கூடக் கூடாது என்று எழுதினார்கள். இரண்டாவது விதி, பெட்டிகளின் கடவுச்சொல் என் போன்ற ஒருவனிடம் இருக்கக் கூடாது என்பது. புதுக் கடவுச்சொல்லின் முன் பாதியைச் செயலாளரும் பின் பாதியைக் கணக்கு அதிகாரியும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் நடக்கிற சடங்கைக் கேளுங்கள். முதலில் செயலாளர் வந்து உட்கார்ந்து தன் பாதியை அடிப்பார். அப்போது கணக்கு அதிகாரி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பிறகு கணக்கு அதிகாரி அடிப்பார், செயலாளர் சுவரைப் பார்ப்பார். இரண்டு பாதிக்கும் நான் சுவரைப் பார்க்க வேண்டும். இருவரும் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பவர்கள். எங்காவது ஒரு எழுத்துத் தப்பினால் யார் பாதியில் தப்பு என்று தெரியாது. ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து அடிப்பார்கள். அந்தச் சுவரில் இருக்கும் விரிசல் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.

சேர்மன் அறைக்கு இருநூற்று ஐம்பத்தைந்து என்பதில் தகராறு இல்லை. செயலாளருக்கு இருநூற்று ஐம்பத்து நாலு. கணக்கு அதிகாரிக்கு இருநூற்று ஐம்பத்து மூன்று என்றதும் அவர் பேனாவை மூடிவிட்டார்.

"நான் கையெழுத்துப் போட்டாத்தான் பைப்பே வாங்க முடியும். பைப் இல்லாம தண்ணியை என்ன பொட்டலம் கட்டியா குடுப்பீங்க?" என்றார்.

கடைசியில் இரண்டு பேருக்கும் இருநூற்று ஐம்பத்து நாலு போட்டு வழக்கைத் தீர்த்தோம். வண்டி ஷெட்டுக்கு ஒன்று. எல்லோரும் திரையின் முன் போய் நின்றார்கள். 'தலைமை: வண்டி ஷெட்' என்று அது மின்னிக்கொண்டே இருந்தது.

"உட்கார்ந்தது எழுந்திருக்காது சார். அதுதான் விதி" என்றேன்.

"எழுப்புங்க" என்றார் சேர்மன்.

ஷெட்டை மட்டும் அணைத்தால் அதற்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் வேறொரு பெட்டிதான் ஏறும்; எழுப்ப வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அணைத்துப் போட வேண்டும். மறுநாள் விடிகாலை, குழுவின் முன்னிலையில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டோம். ஷெட்டுப் பெட்டி சட்டென்று விழித்து உட்கார்ந்துகொண்டது. சேர்மன் அறைப் பெட்டி பெரியது, வசதி அதிகம், எழுந்து தயாராக ஐந்து நிமிடம் பிடிக்கும். அது வந்து பார்த்தபோது இடம் போயிருந்தது. மறுபடி அணைத்தோம், மறுபடி போட்டோம், மறுபடி ஷெட். அதற்குள் எங்கள் தெருவின் முறை கடந்துவிட்டது. போன் அடித்தது.

"தண்ணி வருமா வராதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"ஒரு பதவிப் பிரச்சினை ஓடிட்டிருக்கும்மா."

"யாருக்குப் பதவி?"

"ஒரு பெட்டிக்கு."

பின்னால் சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். "சரி, பதவி வந்ததும் சொல்லுங்க, துணி ஊற வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது தடவை சேர்மன் பெட்டியை முதலில் எழுப்பி, அது பல் விளக்கி முடிக்கும் வரை மற்றவற்றைப் பூட்டி வைத்திருந்து ஒருவழியாக உட்கார வைத்தோம். திரையில் 'தலைமை: சேர்மன் அறை' என்று வந்ததும் கை தட்டினார்கள். ஆனால் சேர்மன் முகம் தெளியவில்லை.

"நாளைக்குக் கரண்ட் போச்சுன்னா மறுபடி அந்த ஷெட்டுப் பய வந்து உட்கார்ந்துடுவானே?"

செயலாளர் அதற்கு வழி கண்டுபிடித்தார். சேர்மன் அறையைத் தவிர எல்லாப் பெட்டிக்கும் சைபர். ஷெட்டுக்குச் சைபர், கணக்குக்குச் சைபர், தனக்கும் சைபர். தியாகம் செய்கிற குரலில் அதைச் சொன்னார்.

நான் குறுக்கே புகுந்தேன். "சார், அப்படிப் பண்ணினா சேர்மன் பெட்டி இல்லாத நேரத்துல தலைமைன்னு ஒண்ணுமே இருக்காது. ஒரு கட்டளையும் வால்வுக்குப் போகாது."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "சேர்மன் இல்லாத நேரம்னு ஒண்ணு வரும்னு நீங்க எழுத்துல குடுப்பீங்களா?"

நான் எழுத்தில் கொடுக்கவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சைபர்கள் ஏறின.

அன்று மாலை நாலு மணிக்குச் சேர்மன் வீட்டுக்குப் போனார். அவர் படியிறங்கியதும் பியூன் அண்ணன் அறையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்சாரச் சிக்கனச் சுற்றறிக்கையின்படி அறையின் மெயினை அணைத்தார். அந்தச் சுற்றறிக்கை சேர்மனே போட்டது. ஊரில் ஒரு வால்வும் மறுநாள் விடிகாலை திறக்கவில்லை. பதினோரு மணிக்குச் சேர்மன் வந்தார், மெயின் ஏறியது, ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கக் குழாய் பீறிட்டது.

இனிமேலாவது புத்தி வரும் என்று நினைத்தேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். அன்று மதியமே பாராட்டுக் கூட்டம் போட்டார்கள்.

செயலாளர் பேசினார்: "இத்தனை காலமா, சேர்மன் இல்லேன்னா இந்த ஊருக்குத் தண்ணி இல்லைன்னு நாம வாயாலதான் சொல்லிட்டிருந்தோம். இன்னைக்கு இயந்திரமே அதை ஒத்துக்கிட்டிருக்கு. என்னைப் பத்தி ஒரு இயந்திரம் அப்படிச் சொல்லுமா? நான் ஒரு மாசம் லீவுல இருந்தேன், ஒருத்தருக்கும் தெரியல."

கணக்கு அதிகாரி, "நான் லீவு போட்டா வேலை கொஞ்சம் வேகமாகவே நடக்குது. அதையும் இந்த இடத்துல பதிவு பண்றேன்" என்றார்.

சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "எனக்கு இங்க என்ன வேலைன்னு என் சம்சாரமே பல தடவை கேட்டிருக்கா. பதில் சொல்லத் தெரியாம இருந்தேன். இப்போ தெரிஞ்சுபோச்சு. நான் வந்து உட்காரணும். அதுதான் வேலை." உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது.

அதோடு நின்றார்களா? தண்ணீர் நேரத்தையே மாற்றினார்கள். சேர்மன் வந்த பிறகு ஆரம்பம், போகும் வரை விநியோகம். ஜனங்கள் குடத்தோடு குழாயடியில் நிற்பதை விட்டுவிட்டு, சேர்மன் கார் வரும் ரோட்டில் நின்றார்கள். அவருக்குத் தலைவலி என்றால் ஊருக்கே தாகம். எங்கள் தெரு முறை வருவதற்கும் நாலு மணி ஆவதற்கும் சரியாக இருக்கும். குழாயில் அரை வாளி விழும்போதே பியூன் அண்ணன் மெயினை அணைப்பார். அப்புறம் புஸ்.

அப்படி இருக்கும்போதுதான் சேர்மன் நீர் மேலாண்மை பற்றித் தெரிந்துகொள்ள வெளிநாடு கிளம்பினார். இரண்டு வாரம். விமான நிலையத்தில் மாலை போட்டுக்கொண்டு சிரித்த படம் செய்தித்தாளில் வந்த அன்று, பெரியவனுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மறுநாள் சின்னவளுக்கும். காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீர் காய்ச்சிக் குடிக்க வைக்கவே போதவில்லை. கழுவ ஒன்றுமில்லை. மூலையில் துணி மலையாகக் குவிந்து வீடே நாறியது. டாக்டர், "சுத்தமா வெச்சுக்கணும், கையை அடிக்கடி கழுவணும்" என்றார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பியூன் அண்ணன் காலில் விழாத குறை. "அண்ணே, அந்த மெயினை மட்டும் மேல தள்ளி விடுங்கண்ணே. குழந்தைங்களுக்கு முடியல."

"தம்பி, எனக்கு மனசு இல்லாம இல்ல. ஐயா இல்லாத ரூம்ல மீட்டர் ஏன் ஓடிச்சுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்வேன்? ஒரு வரி எழுத்துல வாங்கிட்டு வா."

செயலாளரிடம் போனேன். ஏதாவது ஒரு பெட்டிக்குச் சைபரை ஒன்றாக மாற்றினால் போதும் என்றேன்.

"நியாயமான கோரிக்கை. குழு கூடி முடிவெடுக்கணும். சேர்மன் நாற்காலி காலியா இருக்கறப்போ குழு கூடக் கூடாதுன்னு விதி. சேர்மன் வந்ததும் முதல் வேலையா இதை எடுத்துக்கலாம்."

"சேர்மன் வந்துட்டா இது தேவையே இல்லையே சார்!"

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க" என்றார்.

அன்று இரவு வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த ரூம், மெயின் எந்தப் பக்கம், உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டியதில்லையா, நாற்காலி விதி என்ன. தூங்காமல் கிடக்கிறாளே, புலம்பலாகக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பியூன் அண்ணன் சேர்மன் அறையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, கையில் அழுக்குத் துணி வாளி என்று என் மனைவி நேராக உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"யாரும்மா நீ? எங்க போறே?"

"குழந்தைங்களைக் கழுவணும்ணே. இங்க குளியலறை இருக்காமே." கட்டடத்துக்கென்று தனித் தொட்டி, அதில் தண்ணீர் எப்போதும் உண்டு. குளியலறைக்குள் இருட்டாக இருந்தது. அவள் கதவோரம் தடவி மெயினை மேலே தள்ளினாள். விளக்கு எரிந்தது. ஏசி உறுமியது. மேசைக்குக் கீழே பெரிய பெட்டி கண் சிமிட்டத் தொடங்கியது. பியூன் அண்ணன் வாயைத் திறந்தவர், பெரியவன் கால் இருந்த நிலையைப் பார்த்துவிட்டு, போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

இரண்டையும் கழுவி, துடைத்து, புதுத் துணி சுற்றி, வெளியே வந்து அவள் உட்கார்ந்தாள். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. மற்றவர்கள் நின்றுதான் பேச வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. பிள்ளைகள் மடியில் தூங்கிவிட்டன.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து எனக்குப் போன். "சேர்மன் வந்துட்டாரா? வால்வு எல்லாம் தொறக்குதே!"

சத்தம் கேட்டுச் செயலாளரும் கணக்கு அதிகாரியும் ஓடி வந்தார்கள்.

"அம்மா, இது சேர்மன் நாற்காலி" என்றார் செயலாளர்.

"தெரியுது சார், நல்லா மெத்துனு இருக்கு. முதல்ல வந்து உட்கார்ந்தவங்க எழுந்திரிக்க வேண்டியதில்லைன்னு உங்க பெட்டிலயே விதியாமே?"

"நீங்க யாரோட அனுமதியில..."

அவர் செல்போன் அடித்தது. அவர் வீட்டம்மா. சத்தமாகப் பேசுகிறவர் என்பதால் எல்லோருக்கும் கேட்டது. "ஏங்க, தண்ணி வருது! தலை முழுக்க சோப்போட நிக்கிறேன், யாரு என்ன சொன்னாலும் நிறுத்திடாதீங்க!"

செயலாளர் போனை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க," என்று மனைவி என்னைப் பார்த்தாள், "அந்த ஷெட்டுக்கு ஒண்ணுன்னு போட எவ்வளவு நேரமாகும்?"

"நான் அடிக்க ஒரு நிமிஷம். இவங்க அடிக்கத்தான் நேரமாகும்."

"அதுக்குக் குழு கூடணும்" என்றார் கணக்கு அதிகாரி. வழக்கம்போல மறுத்துவிட்டுத்தான் யோசித்தார். "நாற்காலி காலியா இருந்தா கூட முடியாது..." அவர் பார்வை நாற்காலிமேல் போய் நின்றது. விதியை மறுபடி மனசுக்குள் படிப்பது முகத்தில் தெரிந்தது. "செயலாளர் சார், நாற்காலி காலியா இல்லையே. யாரு உட்காரணும்னு விதியில இல்ல."

செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேண்டாம் சார், அடிங்க, போதும்" என்றாள் அவள்.

குழு கூடியது. செயலாளர் தன் பாதியை அடித்தார், கணக்கு அதிகாரி சுவரைப் பார்த்தார். கணக்கு அதிகாரி அடித்தார், செயலாளர் சுவரைப் பார்த்தார். நான் இரண்டு தடவையும் பார்த்தேன். பியூன் அண்ணனும் என்னவோ ஏதோ என்று சுவரைப் பார்த்தார். வண்டி ஷெட்டுக்கு ஒன்று ஏறியது.

மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். போகிற வழியில், "கரண்ட் வீணாப் போகுதே" என்று மெயினைத் தானே அணைத்தாள். கட்டுப்பாட்டு அறைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன் செய்தேன்.

"போயிட்டே இருக்கு சார், கடைக்கோடி வரைக்கும் போயிட்டிருக்கு" என்றார்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் குணமானது. தெருவில் என் மனைவியை 'சேர்மன்' என்றுதான் இப்போது கூப்பிடுகிறார்கள்.

அசல் சேர்மன் திரும்பி வந்தார். வரவேற்பறைத் திரையின் முன் நின்றார். 'தலைமை: வண்டி ஷெட்' என்று பச்சையில் மின்னியது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'துணை: சேர்மன் அறை'. நான் பயந்துகொண்டே விதியைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டது, இனி எழுப்பினால் ஊருக்குத் தண்ணீர் நிற்கும் என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். ஆச்சரியம், அவர் கோபப்படவில்லை. வெகு நேரம் யோசித்தார். வெளிநாட்டில் நிறையப் படித்திருப்பார் போல.

"அப்போ எழுப்ப வேண்டாம். எது தலைமையோ அங்க நான் இருந்தாப் போதும்" என்றார்.

மறுநாள் வண்டிகளை வெயிலில் நிறுத்தச் சொன்னார்கள். ஷெட்டின் திறந்த பக்கங்களுக்குச் சுவர் எழுப்பினார்கள், கதவு வைத்தார்கள், ஏசி மாட்ட ஆட்கள் வந்தார்கள், நாற்காலி வந்தது. மின்சார வேலைக்காரர் வந்து, சுவரிலிருந்த பெட்டியையும் சேர்த்து அறைக்கென்று கதவோரம் தனி மெயின் வைத்தார். பியூன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா போனதும் இதைத்தானே அணைக்கணும்?" என்று செயலாளரிடம் கேட்டார்.

"சுற்றறிக்கை இன்னும் அமுல்லதானே இருக்கு?" என்றார் செயலாளர்.

சேர்மனின் பழைய அறை மெயினை ஏற்கெனவே அணைத்து அறையைப் பூட்டியாகிவிட்டது. மீதிப் பெட்டிகளுக்கெல்லாம் சைபர். நான் வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தேன். இருக்கிற குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நாலு மணிக்குள் நிரப்பி வைக்கச் சொன்னேன்.

"ஏன், என்னாச்சு?" என்றாள்.

"ஷெட்டைச் சேர்மன் ரூம் ஆக்கிட்டாங்கம்மா."

அந்தப் பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது. "சரி," என்றாள், "அந்த ஷெட்டுல குளியலறை கட்டறாங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."